ஓர் இயந்திரம் ஓய்ந்தால்

இரட்டை மாட்டு வண்டி ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. திடீரென்று ஒரு மாடு படுத்துக்கொள்கிறது. வண்டி பாதி வேகத்தில் நேராகப் போகும் என்று நம்மில் யாரும் சொல்ல மாட்டோம். நிற்கும் மாடு இழுக்க இழுக்க, வண்டி படுத்த மாட்டின் பக்கமாகத் திரும்பிப் பாதையை விட்டு இறங்கிவிடும். ஆகாயத்திலும் இதே கதைதான். ஆனால் அங்கே வண்டியை விட்டு இறங்கி மாட்டைத் தட்டி எழுப்ப முடியாது.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது, இரண்டு இயந்திரங்கள் கொண்ட சிறிய விசிறி விமானங்களைப் பற்றி. “ஒன்று பழுதானாலும் இன்னொன்று இருக்கிறதே” என்ற தெம்பு நமக்கு இயல்பாகவே வருகிறது. பெரிய ஜெட் விமானங்களில் அந்தத் தெம்புக்கு ஆதாரம் உண்டு. ஓர் இயந்திரத்துடனேயே மேலே ஏற முடியும் என்று காட்டிய பிறகே அவற்றுக்கு அனுமதி கிடைக்கிறது. சிறிய விமானங்களின் நிலை வேறு. 6,000 ராத்தலுக்கு மேற்படாத, குறைந்த வேகத்தில் தரையிறங்கக்கூடிய இரட்டை இயந்திர விமானங்கள் ஓர் இயந்திரத்துடன் மேலேறியே ஆக வேண்டும் என்று அமெரிக்க விதிகள் நெடுங்காலம் வற்புறுத்தவில்லை.

பைப்பர் நிறுவனத்தின் செனெக்கா 2 என்ற விமானத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு இயந்திரங்களும் ஓடும்போது அது நிமிடத்துக்கு 1,340 அடி ஏறும். ஒன்று நின்றுவிட்டால் 225 அடிதான். பாதி போனால் பாதி மிஞ்ச வேண்டாமா என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? வீட்டுக் கணக்கைப் பார்த்தால் விளங்கிவிடும். மாதச் சம்பளம் 1,000 வெள்ளி, குடும்பச் செலவு 400, மிச்சம் 600. சம்பளம் 500 ஆகிவிட்டால் மிச்சம் 300 ஆகாது; 100 தான். செலவு குறையவில்லையே! விமானம் கீழே இறங்காமல் பறப்பதற்கே ஒரு செலவு இருக்கிறது. மேலே ஏறுவது மிச்சத்தில்தான்.

அந்த 225 அடியும் 15 பாகை வெப்பநிலை, புதிய இயந்திரம், தவறு செய்யாத விமானி என்ற நிபந்தனைகளோடு எழுதப்பட்ட கணக்கு. நம் ஊர் நண்பகலில் வெப்பம் 32 பாகை. அப்போது கடல்மட்டத்து ஓடுபாதையே 2,000 அடி மேட்டில் இருப்பது போல் காற்று லேசாகிவிடுகிறது. மிச்சம் மேலும் தேய்கிறது.

ஏற்றம் குறைவது ஒரு பக்கம். அதைவிட அவசரமானது, விமானம் திரும்புவது. இடப்பக்க இயந்திரம் நின்றால் மூக்கு இடப்பக்கம் ஓடும். இடது இறக்கையும் தாழும். அதைத் தடுப்பது வால் சுக்கான். படகுச் சுக்கானுக்கு நீரோட்டம் வேண்டியது போல், இதற்குக் காற்றோட்டம் வேண்டும். வேகம் ஓர் எல்லைக்குக் கீழே போய்விட்டால், மிதியை முழுதும் அழுத்தினாலும் சுக்கானுக்குப் பலம் போதாது. செனெக்கா 2-இல் அந்த எல்லை 66 நாட். வேகமானியில் சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். அதற்கும் கீழே, ஓடுகின்ற இயந்திரமே எதிரியாகி விமானத்தைக் குப்புறக் கவிழ்த்துவிடும். அப்போது செய்ய வேண்டியது மனம் ஒப்பாத காரியம்: நல்ல இயந்திரத்தின் விசையைக் குறைக்க வேண்டும், மூக்கைத் தாழ்த்த வேண்டும். தரை கண்முன்னே நெருங்கும்போது யாருக்குக் கை வரும்?

2019 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், அடிசன் விமான நிலையத்திலிருந்து ஒரு கிங் ஏர் 350 விமானம் கிளம்பியது. நாம் சொல்லும் சிறு ரகத்தைவிட இது பெரியது, பலமும் அதிகம். தரையை விட்டு எழுந்ததுமே இடப்பக்க இயந்திரத்தின் உந்துவிசை குறைந்தது. ஏன் என்பது விசாரணையில் தெரியவரவில்லை. விமானியின் கால் முதலில் இடது மிதியை அழுத்தியது. அழுத்த வேண்டியது வலது மிதி. ஓரிரு வினாடிகளில் சரிசெய்யப்பட்டது; ஆனாலும் விமானம் கவிழ்ந்து ஒரு கொட்டகை மேல் விழுந்தது. அதிலிருந்த பத்துப் பேரும் மாண்டார்கள்.

ஆகவே முதல் வேலை மூக்கை நேராக வைப்பது. கூடவே, ஓடும் இயந்திரத்தின் பக்கம் இறக்கையை ஏறத்தாழ 5 பாகை சாய்த்துக்கொள்வது. அடுத்து, நெம்புகோல்கள் அனைத்தும் முன்னே; சக்கரங்கள் உள்ளே; ஃபிளாப்புகள் மேலே. பிறகுதான் எந்த இயந்திரம் ஓய்ந்தது என்ற கேள்வி. கருவிகளைப் பார்த்தால் ஏமாறலாம். காலைக் கேட்பதே நல்லது. எந்தக் கால் அழுத்தாமல் சும்மா இருக்கிறதோ, அந்தப் பக்கத்து இயந்திரமே ஓய்ந்தது. அதையும் உடனே நம்பிவிடக் கூடாது. அந்தப் பக்கத்து விசைக்கோலை மெல்லப் பின்னுக்கு இழுத்துப் பார்க்க வேண்டும். விமானத்தில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் கணிப்பு சரி. 2015-இல் தைப்பேயில் டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏடிஆர் 72 விமானத்தில், அவசரத்தில் நல்ல இயந்திரத்தையே நிறுத்திவிட்டார்கள். 58 பேரில் 43 பேர் இறந்தனர்.

ஓய்ந்த இயந்திரத்தின் விசிறி சும்மா இருப்பதில்லை. எதிர்காற்று அதைச் சுழற்ற, அது ஒரு பெரிய தடையாகிறது. விசிறியின் அலகுகளைக் காற்றோட்டத்துக்கு இணையாகத் திருப்பிவிட்டால் சுழற்சி நின்று தடை பெரிதும் குறையும். இதற்கும் காலக்கெடு உண்டு. செனெக்காவில் சுற்று நிமிடத்துக்கு 800-க்குக் கீழே போய்விட்டால் அலகுகள் திரும்பா. எனவே தாமதமும் ஆகாது. தவறான கோலை இழுக்கும் பதற்றமும் ஆகாது. பிறகு நீலக் கோட்டு வேகமான 89 நாட்டைப் பிடித்துக்கொண்டு பறக்க வேண்டும். ஓர் இயந்திரத்துடன் மிக நன்றாக ஏறக்கூடிய வேகம் அதுதான்.

இத்தனையும் சில வினாடிகளில் நடக்க வேண்டும். யோசிக்க அப்போது நேரம் இல்லை. ஆதலால் பொறுப்புள்ள விமானி, யோசனையை ஓடுபாதையின் தொடக்கத்திலேயே முடித்துவிடுகிறார். தனியாக இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறார்: “தரையில் ஓடும்போது நின்றால், இரண்டையும் மூடி பிரேக் போடுவேன். எழுந்த பிறகு, சக்கரம் வெளியே இருந்து பாதையும் மிச்சமிருந்தால், அதிலேயே இறக்குவேன். சக்கரம் உள்ளே போன பிறகு என்றால், நீலக் கோட்டு வேகத்தில் ஏறுவேன். ஏறவில்லை என்றால், வேகத்தை விடாமல், எதிரே கிடைக்கும் திறந்த இடத்தில் நேராக இறக்குவேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் அவர் கை விசைக்கோல்களை முன்னே தள்ளுகிறது.