நோவா ஹூட்டாவின் சிலுவை

கிராக்கோ நகரையடுத்து, உருக்காலைத் தொழிலாளருக்கென்று போலந்தின் கம்யூனிஸ்ட் அரசாங்கம் 1949 முதல் நிர்மாணித்த நோவா ஹூட்டா நகரின் திட்டத்தில் தேவாலயத்துக்கு இடமே இல்லை. ஜனங்களின் இடைவிடாத விண்ணப்பங்களுக்கு இணங்கி 1957-இல் மனை தந்து, மரச் சிலுவை நாட்டவும் அனுமதித்த அவ்வரசே, பின்னர் அங்கே பள்ளிக்கூடம் எழுப்புவதாகச் சொல்லி, 1960 ஏப்ரல் 27 அன்று சிலுவையைப் பெயர்க்க ஆட்களை அனுப்பியபோது, முதலில் எதிர்த்து நின்றோர் பெண்களே. வேலை முடிந்து வந்த ஆடவரும் சேர, கலகம் இரவிலும் நீடித்து, அநேகர் சிறை புகுந்தனர். தொழிலாளர் அரசு தொழிலாளர்மீதே தடியோங்கியது விசித்திரந்தான்! பள்ளியும் எழுந்தது, சிலுவையும் அகலவில்லை. தேவாலயமோ பியென்சித்சே பகுதியில், தொண்டர்களின் கையுழைப்பாலும் ஆற்றுக் கூழாங்கற்களாலும் பத்தாண்டு வளர்ந்து, 1977 மே 15 அன்று கர்தினால் வொய்த்திவாவால் அர்ச்சிக்கப்பட்டது. மறு ஆண்டு அவர் பாப்பரசரானார்.