வையையும் மதுரையும்

வருசநாட்டு மலைகளில் தோன்றும் வையை, ஏறத்தாழ 258 கிலோமீட்டர் நீளமுடையது. அஃது ஆண்டு முழுவதும் நீர் நிறைந்து ஓடும் ஆறன்று. மழைக்காலத்தில் கரையை உடைத்துப் பெருகும்; கோடையில் வெறும் மணற்பரப்பாய்க் கிடக்கும். இவ்விரு தன்மைகளையும் உளங்கொண்டே மதுரை மாநகர் வளர்ந்தது.

மதுரை வையையின் தென்கரையில் உள்ளதென்பதை யாவரும் அறிவர். ஆயினும், நகரின் நடுவிடமாகிய அங்கயற்கண்ணி திருக்கோயில் ஆற்றங்கரையில் இல்லை. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தெற்கே விலகி நிற்கின்றது. கோயிலைச் சுற்றியே தெருக்கள் அமைந்தன. வெள்ளத்திற்கு அஞ்சியே முன்னோர் இவ்வாறு விலகி வாழ்ந்தனர் எனக் கருத இடமுண்டு.

வந்தி என்னும் முதியவளுக்காகச் சிவபெருமான் மண் சுமந்த வரலாற்றைத் திருவிளையாடற் புராணம் கூறும். உடைந்த கரையை அடைக்கப் பாண்டியன் குடிகள்தோறும் பங்கு வகுத்தான். துணையற்ற அம்முதியவள், உதிர்ந்த பிட்டையே கூலியாகப் பேசி ஓர் ஆளை அமர்த்தினாள். இறைவன் திருவிளையாட்டைக் கூறும் இக்கதையினுள், கரை காத்தல் ஊரார் அனைவர்க்கும் பொதுக்கடமை என்னும் கருத்தும் அமைந்திருத்தல் காண்க.

வெள்ளம் வடிந்தபின் தண்ணீருக்கு என் செய்வது? ஆற்றினின்றும் கால்வாய்களை வெட்டி, நீர் வரும்போதே அதனைக் கண்மாய்களில் தேக்கினர். ஒரு கண்மாய் நிறைந்தால் மிகைநீர் கலிங்கு வழியே வழிந்து அடுத்த கண்மாயை அடையும். அந்நீரால் நகரைச் சூழ்ந்த வயல்கள் விளைந்தன. திருமலை நாயக்கர் 1645-ஆம் ஆண்டில் வண்டியூரில் அமைத்த தெப்பக்குளமும் வையை நீரைப் பெறுவதேயாம். பின்னர், 1895-இல் பெரியாற்று அணை கட்டி முடிக்கப்பெற்றது. மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த வழியே வையைப் பக்கம் திரும்பியது. 1959-இல் வையை அணையும் எழுந்தது.

நெடுங்காலம் ஆறே நகருக்கு வட எல்லையாக இருந்தது. 1889-இல் ஆல்பர்ட் விக்டர் பாலம் திறக்கப்பெற்றபின் வடகரைக்குப் போக்குவரவு எளிதாயிற்று. கோரிப்பாளையம், தல்லாகுளம், செல்லூர் முதலிய பகுதிகள் நகரோடு ஒன்றாய்ப் பெருகின. வயல்கள் தெருக்களாயின, கண்மாய்கள் சிலவும் அவ்வாறே மறைந்தன. பெருமழைக் காலத்தில் நீர் தன் பழைய பள்ளத்தை நாடி வந்து அத்தெருக்களில் தேங்குகின்றது. அதனை நீரின் குற்றமென்று கூறுதல் பொருந்துமோ?

வண்டியூர்த் தெப்பக்குளமும் பல்லாண்டுகள் வறண்டு, சிறுவர் பந்தாடும் களமாய்க் கிடந்தது. பனையூர்க் கால்வாயைச் செப்பனிட்டு, அண்மைக்காலத்தில் மீண்டும் வையை நீரை அதனுள் விட்டனர். இப்போது மாலை வேளைகளில் மக்கள் அதன் படிகளில் அமர்ந்து நீரைக் கண்டு மகிழ்கின்றனர்.