கட்டாயமும் பரிந்துரையும்: தரநூல்களைப் பயிலும் நெறி

2004 டிசம்பர் 26 அன்று கடற்கோள் கடலூர்க் கரையைத் தாக்கியபோது பேரிழப்புக் கண்ட ஊர்களுள் தேவனாம்பட்டினமும் ஒன்று. கடற்கோள் என்றோ ஒருநாள் வருவது. உப்புக்காற்றோ நாள்தோறும் வீசுவது. உப்பு கற்காரையினுள் ஊடுருவிக் கம்பியைத் துருவேற்றுகிறது. துரு பருத்துக் கற்காரையைப் பிளக்கிறது. எனவேதான் இந்தியத் தரநூல் ஐ.எஸ். 456, தன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில், கடற்கரைச் சூழலைக் 'கடுமை' என வகைப்படுத்தி, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கற்காரை மூடலையும் குறைந்தது எம்30 தரத்தையும் விதித்தது.

இங்கே ஒரு மொழிச் சிக்கல் எழுகிறது. ஆங்கிலத் தரநூல் மரபில் 'ஷல்' கட்டாயம், 'ஷுட்' பரிந்துரை, 'மே' அனுமதி. தமிழில் முதலிரண்டையும் 'வேண்டும்' என்றே பெயர்த்துவிடுகிறோம். கொத்தனாரின் செவியில் இரண்டும் ஒன்றாகின்றன. பரிந்துரையைத் தளர்த்திப் பழகியவர், அதே துணிவில் கட்டாயத்தையும் தளர்த்திவிடக்கூடும்.

ஃபிக்ஹு பயின்றோர்க்கு இது புதிதன்று. ஏவலின் இயல்பான பொருள் கட்டாயமே. அதைத் தளர்த்தச் சான்று வேண்டும் என்பது உஸூல் அறிஞர் பெரும்பாலோர் கொண்ட விதி. கடனை எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் ஏவுகிறது. அடுத்த வசனம் ஒருவரையொருவர் நம்பி நடக்க இடமளிப்பதால், பெரும்பான்மையோர் அவ்வேவலை முஸ்தஹப்பு என்றே கொண்டனர்.

இமாம் நவவீ (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 676) 'மின்ஹாஜ்' முகவுரையில் 'அள்ஹர்', 'அஸஹ்' முதலிய சொற்களைத் தாம் ஆளும் பொருளை முன்னரே வரையறுத்தார்கள். இணையத் தரங்களுக்காக 1997-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2119, 'மஸ்ட்', 'ஷுட்', 'மே' ஆகிய சொற்களுக்குச் செய்ததும் அதுவே. பேரெழுத்தில் எழுதினால் மட்டுமே அவற்றுக்கு அச்சிறப்புப் பொருள் உண்டென 2017-இல் ஆர்.எஃப்.சி. 8174 தெளிவுறுத்தியது.

தரநூலின் முன்னுரையும் எடுத்துக்காட்டுகளும் விளக்குவன, விதிப்பன அல்ல. எனினும் தலைப்பை மட்டும் கண்டு ஒதுக்குதல் தகாது. கற்காரையின் தரம் எம்35 அல்லது அதற்கு மேலாயின், 'கடுமை' நிலையிலும் மூடலில் 5 மில்லிமீட்டர் குறைக்கலாம் என்னும் சலுகை, ஐ.எஸ். 456-இல் அட்டவணைக்குக் கீழுள்ள குறிப்பில்தான் இருக்கிறது. அது ருக்ஸத், நிபந்தனை நிறைவேறாத இடத்தில் அச்சலுகையும் இல்லை.

ஆதலின் தரநூலைத் தமிழாக்குவோர், 'கட்டாயம் செய்தல் வேண்டும்', 'செய்தல் நன்று', 'செய்யலாம்' என மூன்றையும் பிரித்து, முதற்பக்கத்திலேயே பொருள் வரையறுத்தல் கடன். அக்கூரையின்கீழ் உறங்குவோரின் உயிர், அச்சொற்களை எழுதுவோரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.