சிப்பியும் சீமை உத்தியோகமும்

பெரம்பலூர், அரியலூர் வாலிபர்களில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர்கள் அந்நிய நாட்டு ஸர்வகலாசாலைகளுக்கு விண்ணப்பம் அனுப்பிக் காத்திருப்பதை நாம் குறை கூறோம். எனினும், அவர்களுடைய ஊர்ப் பூமியே ஓர் அந்நியரின் ஆராய்ச்சிப் புகழுக்கு ஆதாரமாயிருந்ததை அவர்கள் அறிதல் நலம்.

மொரேவியாவில் 1838-ல் பிறந்த பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, 1862-ல் இந்திய நிலவியல் இலாகாவில் உத்தியோகம் பெற்றுக் கல்கத்தா வந்தார். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடல் கிடந்த அரியலூர்ச் சுற்றுப்புறத்திலிருந்து சேகரித்த, கல்லாய்ச் சமைந்த சிப்பிகளையும் நத்தைகளையும் வகைப்படுத்தி, 1873-க்குள் பெரும் பாகங்களாக வெளியிட்டார். 1874-ல் லடாக்கில் மாண்டபோது அவருக்கு வயது 36. இங்கு வருமுன்பே ஆல்ப்ஸ் மலைச் சிப்பிகளைப் பற்றி எழுதியிருந்தார். அதைவிடச் சிறந்த யோக்கியதாபத்திரம் வேறென்ன வேண்டும்?

எழுதியவரெல்லாம் உடனே உத்தியோகம் பெறுவரென்று நாம் ஆசை காட்டவில்லை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் அமெரிக்காவில் சுமார் 50 ஸர்வகலாசாலைகளுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியப் பதவி கிட்டவில்லை. பின்னர் புரூக்ஹேவன் ஆராய்ச்சிசாலையில் ரைபோசோம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 2009-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரானார். மறுத்த ஸர்வகலாசாலைகள் அன்று என்ன எண்ணினவோ!

அரியலூரில் சிமெண்டு ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டப்படுகிறது. கல்லோடு சிப்பியும் அரைபடுகிறது. அது அரைபடுமுன் அவ்வூர் வாலிபர் எடுத்துப் பரிசோதித்து எழுதட்டும். அதே காலத்துப் பாறைகளை ஆராயும் பிறநாட்டுப் பேராசிரியர்களுக்கு, சிபாரிசுக் கடிதத்துக்கு முன்பாக அக்கட்டுரை போய்ச் சேரட்டும்.