வீட்டருகே எழும் கோபுரம்

நாகரிகம் தரும் நன்மைகளை யாவரும் விரும்புவர். ஆயின் அந்நன்மைகளுக்குரிய பாரத்தைத் தம் வாயிலில் தாங்க எவரும் எளிதில் இசையார். செல்போன் இன்றி ஒரு பொழுதும் கழிக்க இயலாத ஊரார், அதற்கு வேண்டிய கோபுரம் தம் தெருவில் எழப்போகின்றது எனக் கேட்டவுடன் நகரசபைக்கு மனு எழுதுகின்றனர். அவர்தம் கவலை பொய்யன்று. கோபுரம் வேண்டும் என்னும் கம்பெனியார் கூற்றும் பொய்யன்று. இவ்விரு திறத்தாருக்கும் இடையே நின்று முடிவு கூறவேண்டியது அவ்வூரை ஆளும் சபையே. அச்சபைக்கு எத்துணை அதிகாரம் உண்டு, அஃது எவ்வெல்லையளவில் நிற்கும் என்பதனை, இவ்விஷயத்தில் நெடிய வழக்கு வரலாறுடைய அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

கோபுரம் ஊருக்குள் வரவேண்டுவது ஏன் என்னும் வினா முதற்கண் எழும். வானொலி நிலையம் ஒன்று நெடுந்தொலைவிலுள்ளார் யாவர்க்கும் ஒரே செய்தியை ஒலிபரப்புவது. ஆதலின் ஊர்ப்புறத்தே நிற்கும் உயர்ந்த கம்பம் ஒன்றே அதற்குப் போதும். செல்போனோ அத்தகையதன்று. ஒவ்வொருவரும் வெவ்வேறு பேச்சுப் பேசுவர். அன்றியும், அவர் கையிலுள்ள சிறு கருவியும் கோபுரத்திற்கு மறுமொழியாக அலைகளை அனுப்புதல் வேண்டும். பயன்படுத்தற்குரிய அலைவரிசைகளோ ஓரளவினவே. ஆகவே, நிலப்பரப்பினைத் தேன்கூட்டின் அறைகளைப்போலப் பகுத்து, அறைதோறும் ஒரு நிலையம் அமைத்து, ஓர் அறையிற் பயன்படுத்திய அலைவரிசையையே சேய்மைக்கண் உள்ள மற்றோர் அறையிலும் பயன்படுத்துவர். 'செல்' என்னும் சொல் குறிப்பது இவ்வறையினையே. மக்கள் மிகுந்த இடத்து அறைகள் சிறுகும். அறைகள் சிறுகச் சிறுகக் கோபுரங்கள் பெருகும். மக்கள் மிகுந்த இடம் வீடுகள் மிகுந்த இடமே அன்றோ? கோபுரம் வீட்டை நாடி வருதற்குக் காரணம் இதுவே.

இனி, சட்டத்தின் நிலையைக் காண்பாம். எவ்விடத்தில் எவ்வகைக் கட்டடம் எழலாம் என வரையறுக்கும் உரிமை அந்நாட்டில் நெடுங்காலமாக நகரங்களுக்கும் ஜில்லாக்களுக்கும் உரியது. செல்போன் பரவத் தொடங்கியபோது ஓர் ஊர் அநுமதிக்க, மற்றோர் ஊர் மறுக்க, வேறோர் ஊர் விடையே கூறாது காலங்கடத்த, கம்பெனியார் முறையிட்டனர். 1996-ஆம் ஆண்டில் காங்கிரஸ் என்னும் அந்நாட்டுச் சட்டசபை தொலைத்தொடர்புச் சட்டத்தை இயற்றிற்று. அச்சட்டம் ஊர்களின் உரிமையைப் பறித்துவிடவில்லை. கோபுரத்தின் இடமும் அமைப்பும் பற்றி முடிவு செய்யும் அதிகாரம் ஊர்களுக்கே உண்டு எனக் கூறிற்று. ஆயின் அவ்வதிகாரத்திற்குச் சில வேலிகளையும் இட்டது. அவையாவன: ஒரே வகைத் தொண்டு புரியும் கம்பெனிகளுக்குள் தக்க காரணமின்றி வேற்றுமை பாராட்டலாகாது, செல்போன் தொண்டே ஊருக்குள் வாராதபடி முற்றிலும் தடுத்தலாகாது, மனுவின்மேல் தக்க காலத்துள் முடிவு கூறல் வேண்டும், மறுப்பதாயின் எழுத்து மூலமாக, பதிவேட்டிலுள்ள போதிய சான்றினைக் கொண்டு மறுத்தல் வேண்டும். இந்நான்கினோடு ஐந்தாவதாக வேலி ஒன்று உண்டு. பெருங்கலகத்திற்கு வித்தாயது அதுவே.

கோபுரத்தினின்று வெளிப்படும் அலைகள், மத்திய தொடர்புக் கமிஷன் வகுத்த அளவிற்கு உட்பட்டிருக்குமாயின், அவ்வலைகளால் சுற்றுச்சூழலுக்குக் கேடு விளையும் என்னும் காரணங்கொண்டு எந்த ஊரும் கோபுரத்தை மறுத்தலாகாது என்பதே அது. சுகாதாரக் கேடும் இதனுள் அடங்கும் எனக் கோர்ட்டுகள் கொண்டன. ஊரார் மனத்தில் முதன்மையாக நிற்கும் அச்சம் நோய் பற்றியதே; ஆயினும் ஊர்ச்சபை தன் முடிவிற்குக் காரணமாகக் கொள்ளலாகாததும் அதுவே. தாய் ஒருத்தி தன் குழந்தையின் உடல்நலம் கருதிச் சபையில் எழுந்து பேசுவாள். உறுப்பினர் இரங்கிக் கேட்பர். ஆனால் அச்சொற்களை மறுப்பாணையில் எழுதினால் அவ்வாணை கோர்ட்டில் நில்லாது.

இவ்வச்சம் பற்றி விஞ்ஞானிகள் கூறுவது யாது? அலையின் வலிமை, தொலைவு மிகுந்தோறும் விரைந்து குறைவது. தொலைவு இருமடங்காயின் வலிமை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகும். செவியில் ஒட்டவைத்துப் பேசும் கருவியினின்று தலைக்குச் செல்லும் அலை, தெருக்கோடியில் நிற்கும் கோபுரத்தினின்று வருவதினும் பொதுவாக மிகுதியானது. 2006-இல் உலக சுகாதார ஸ்தாபனம், இத்தகைய நிலையங்களின் மெல்லிய அலைகளால் உடல்நலக்கேடு விளையும் என்பதற்கு உறுதியான விஞ்ஞானச் சான்று இல்லை என்றது. 2011-இல் அதன் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இவ்வகை அலைகளைப் 'புற்றுநோய் விளைத்தல் கூடும்' என்னும் ஐயவகையில் சேர்த்தது. இவை இரண்டும் ஒன்றற்கொன்று முரணல்ல. கேடு நிலைநாட்டப்படவில்லை என்பது முன்னது; ஆராய்ச்சியை நிறுத்தலாகாது என்பது பின்னதின் குறிப்பு.

ஊரின் அதிகாரம் எங்கே வாழ்கின்றது என்பதற்கு ஜார்ஜியா மாகாணத்து ராஸ்வெல் நகரத்தின் வழக்கினும் சிறந்த சான்று வேண்டா. 2010-ஆம் ஆண்டில் டி-மொபைல் கம்பெனியார், அந்நகரத்துக் குடியிருப்புப் பகுதியிலிருந்த 2.8 ஏக்கர் காலி நிலத்தில், 108 அடி உயரமுள்ள கோபுரம் ஒன்றை மரம்போன்ற தோற்றத்தில் நாட்ட அநுமதி வேண்டினர். நகர அலுவலர், சில நிபந்தனைகளோடு அநுமதிக்கலாம் எனப் பரிந்துரைத்தனர். ஏப்ரல் 12-ஆம் நாள் கூடிய நகரசபையில், அஃது அவ்விடத்து இயற்கைத் தோற்றத்திற்கு ஒவ்வாதென்றும், சுற்றியுள்ள மரங்களை நோக்க மிக உயர்ந்ததென்றும் பேசப்பட்டது. சபை ஒருமனதாக மறுத்தது. இரண்டு நாட் கழித்துக் கம்பெனிக்கு ஒரு கடிதம் சென்றது. அதில் மறுப்பு இருந்தது, காரணம் இல்லை. கூட்ட நடவடிக்கைக் குறிப்பை அலுவலகத்திற் பெறலாம் என்று மட்டும் எழுதியிருந்தது. அக்குறிப்போ மேலும் 26 நாட் கழித்தே வெளிவந்தது. மறுப்பினை எதிர்த்து வழக்கிடுதற்குச் சட்டம் தந்த தவணையோ 30 நாள்.

இவ்வழக்கு ஸுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. 2015-ஆம் ஆண்டு ஜனவரி 14-இல், அறுவர் ஒரு பக்கமும் மூவர் மறுபக்கமுமாக நின்று தீர்ப்புக் கூறினர். காரணங்களை மறுப்புக் கடிதத்திலேயே எழுதவேண்டும் என்னும் நியதியில்லை. கூட்டக் குறிப்பிலும் எழுதலாம். ஆயின் மறுப்போடு ஏறத்தாழ ஒரே காலத்தில் அக்காரணங்கள் வெளிவரல் வேண்டும். ராஸ்வெல் நகரம் அவ்வாறு செய்திலது என்பதே தீர்ப்பின் சாரம். ஊரார் கூறிய காரணங்கள் வலியனவா அல்லவா என்பதனை அக்கோர்ட்டு ஆராயவே இல்லை. காரணம் உரிய காலத்தில் வராமையால், அதன் வலிமையை எடைபோடுதற்கும் இடமில்லாது போயிற்று.

காலத்தின் வேலி பின்னும் நெருங்கி வந்தது. 2009-இல் கமிஷன், முன்னரே நிற்கும் கோபுரத்தில் புதிய கருவி சேர்க்கும் மனுவிற்கு 90 நாளும், புதிய கோபுரத்திற்கு 150 நாளும் தக்க காலம் என வகுத்தது. அவ்வாறு வகுக்கும் அதிகாரம் கமிஷனுக்கு இல்லை என்று டெக்ஸாஸ் மாகாணத்து ஆர்லிங்டன் நகரம் வாதிட்டு, 2013-இல் ஸுப்ரீம் கோர்ட்டில் தோற்றது. 2018-இல், தெருவிளக்குக் கம்பம் போன்றவற்றில் பொருத்தும் சிறு நிலையங்களுக்கு, முன்னுள்ள கம்பமாயின் 60 நாள், புதிய கம்பமாயின் 90 நாள் எனக் குறுகிய தவணைகள் வந்தன.

இவற்றையெல்லாம் நோக்குவார், ஊரார் கை கட்டப்பட்டது, கமிஷனார் கையோ கட்டற்றது எனக் கருதக்கூடும். அதுவும் முழு உண்மையன்று. அலைகளுக்குக் கமிஷன் வகுத்த அளவு 1996-ஆம் ஆண்டினது. அதனை மாற்ற வேண்டுவதில்லை என 2019-இல் கமிஷன் முடிவு செய்தபோது சிலர் வழக்கிட்டனர். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-இல் வாஷிங்டன் நகரத்து மேல்முறையீட்டுக் கோர்ட்டு, புற்றுநோயல்லாத பிற கேடுகள் பற்றி முன்வைக்கப்பட்ட சான்றுகளுக்குக் கமிஷன் தக்க விளக்கம் தரவில்லை எனக் கூறி, அம்முடிவினை மறு ஆராய்ச்சிக்குத் திருப்பிற்று. அளவு தவறு என்று அது கூறவில்லை. சரியென்பதற்குக் காரணம் காட்டுக என்றது. சிறு நகரமாகிய ராஸ்வெல்லுக்கு விதித்த கடனையே, நாடாளும் கமிஷனுக்கும் நீதி விதித்தது.

ஆகவே, வீட்டருகே எழும் கோபுரத்தைப் பற்றிப் பேச விரும்பும் அந்நாட்டுக் குடிமகன் இரண்டு வாயில்களை அறிதல் வேண்டும். நோய் பற்றிய ஐயம் கமிஷனின் வாயிலில் கேட்கப்படுவது. இடம், உயரம், தோற்றம், வீட்டிற்கும் கோபுரத்திற்கும் உள்ள தொலைவு ஆகியன ஊர்ச்சபையின் வாயிலில் கேட்கப்படுவன. அங்கும் 'எமக்கு வேண்டா' என்னும் பொதுக்கூக்குரல் பயன்படாது. இவ்விடத்திலிருந்து இவ்வாறு தோன்றும் எனக் காட்டும் படமும், அளந்து கூறிய தொலைவும், தண்ணீர்த் தொட்டி, முன்னுள்ள கோபுரம் முதலிய மாற்றிடங்களும் பயன்படும். அவற்றினும் சிறந்தது, மனு வருதற்கு முன்னரே ஊர் தன் விதிகளைத் தெளிவாக எழுதிவைத்தல். கோபுரம் சாய்ந்தாலும் வீட்டின்மேல் வீழாத தொலைவு இத்துணை என விதித்த ஊர், பின்னர்க் காரணம் தேடி அலைய வேண்டுவதில்லை.

நண்பர்காள்! நாளை நம்முள் சிலர் ஊர்ச்சபைகளில் அமர்வோம். பலர் அவற்றின்முன் மனுவோடு நிற்போம். ஆளும் சபை தன் முடிவிற்குரிய காரணத்தை உரிய காலத்தில் எழுத்தில் வைத்தல், அச்சபை தன் குடிகளுக்குக் காட்டும் மரியாதையாகும். அம்மரியாதையைக் கேட்டுப் பெறுதலும், நம் முறை வரும்போது பிறர்க்குத் தவறாது அளித்தலும் நம் கடன்.