அரிவாளுக்கு முந்தைய நாட்கள்

தோழர்களே, 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவரைப் பள்ளித் தோழர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கையும் வெட்டுப்பட்டார். நாம் அந்த இரவையே பேசுகிறோம். அதற்கு முன்பே அவர் சில நாட்கள் பள்ளிக்குப் போகாமல் இருந்தார். காரணத்தைப் புகாராகச் சொன்ன பிறகுதான் அரிவாள் வந்தது.

இது பிள்ளைகள் சண்டை அல்ல. வீட்டில் கேட்ட சாதிப் பெருமை, கையில் கட்டிய வண்ணக் கயிறு, கண்டும் காணாத ஆசிரியர் என்று பல சேர்ந்தே ஒரு பிள்ளையைத் துன்புறுத்துபவனாக வளர்க்கின்றன. 2024 ஜூனில் அறிக்கை அளித்த நீதிபதி சந்துரு குழு, கயிற்றுக்குத் தடை கேட்டது. புதுச்சேரியில் நாமும் கேட்போம். கூடவே, 'பள்ளிக்குப் போகமாட்டேன்' என்னும் பிள்ளையை அடிக்காமல் ஏன் என்று கேட்போம். புகார் சொன்ன பிள்ளையைக் காப்பது பள்ளியின் கடமை என்போம்.