பேய்க்கதை வாசிப்பு: யாருடைய பயம்?

'பேய்க்கதையெல்லாம் படிப்பீங்களா தோழர்?' என்று இரண்டு வகை ஆட்கள் கேட்பதுண்டு. ஒரு பக்கம் மூடநம்பிக்கை எதிர்ப்பாளர்கள், மறுபக்கம் தூய இலக்கியவாதிகள். வேறெதிலும் ஒத்துப்போகாத இவர்கள் இந்த ஒரு விஷயத்தில் கைகோத்துக்கொள்வது வேடிக்கைதான். படிப்பேன், பொழுதுபோக்குக்காகவே படிப்பேன் என்பது என் பதில். ராத்திரியில் விளக்கை அணைக்கப் பயந்துகொண்டு பக்கம் புரட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது. அதற்குச் 'சமூகப் பயன்' என்று ரசீது காட்ட வேண்டிய அவசியமில்லை. ஆனால் எந்தப் பேய்க்கதையைக் கையில் எடுப்பது என்பதில் அரசியல் இருக்கிறது. அதைக் கொஞ்சம் பேசலாம்.

முதலில் நம்பிக்கை பற்றி. பேய் இல்லை என்று தெரிந்தவனுக்குத்தான் பேய்க்கதை ஒரு விளையாட்டு; நம்புகிறவனுக்கு அது வெறும் தகவல். 1970இல் வெளிவந்த தன் நூலில் தோதரோவ் இந்த வகை எழுத்தின் உயிர்நாடியாகத் தயக்கத்தைச் சொல்கிறார். நடந்தது நிஜமா, மனப்பிரமையா என்று வாசகர் முடிவு செய்ய முடியாமல் நிற்கும் இடம் அது. ஹென்றி ஜேம்ஸ் 1898இல் எழுதிய 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' கடைசி வரி வரை அந்த இடத்திலேயே நம்மை நிறுத்திவைக்கிறது. மந்திரவாதி வந்து விபூதி போட்டதும் எல்லாம் சரியாகிவிடும் கதையில் இந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. அது தாயத்து விற்கிற வேலை. கடைசி அத்தியாயத்தில் 'எல்லாம் சொத்துக்காக வில்லன் செய்த சூழ்ச்சி' என்று முடிச்சவிழ்க்கும் கதையும் அப்படித்தான், பகுத்தறிவு வேஷம் போட்ட ஏமாற்று. இரண்டையும் தயங்காமல் ஒதுக்கலாம்.

ஆனால் தயக்கம் மட்டும் போதாது. கதை யாருடைய பயத்தைப் பேசுகிறது, யாரைப் பேயாக்குகிறது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. டபிள்யூ.டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் வெளியிட்ட 'குரங்கின் பாதம்' கதையை எடுத்துக்கொள்வோம். இந்தியாவிலிருந்து திரும்பிய ஒரு சிப்பாய், பக்கிரி ஒருவர் மந்திரித்த குரங்குப் பாதத்தைக் கொண்டுவருகிறான். அது மூன்று வரம் தரும். காலனியிலிருந்து வந்த பொருள் இங்கிலாந்து வீட்டுக்குள் அழிவைக் கொண்டுவருகிறது என்கிற ஏகாதிபத்தியப் பயம் இதில் அப்பட்டமாக இருக்கிறது. கதை அதோடு நிற்கவில்லை. வீட்டுக்கடனை அடைக்கக் கிழவர் 200 பவுன் கேட்கிறார். மறுநாள் மகன் வேலை பார்க்கும் இடத்தில் இயந்திரத்தில் சிக்கிச் சாகிறான். கம்பெனி ஆள் வருகிறார். எங்களுக்குப் பொறுப்பில்லை, ஆனாலும் ஒரு தொகை தருகிறோம் என்கிறார். தொகை, அதே 200 பவுன். எனக்கு உடம்பு சில்லிட்டது இந்த இடத்தில்தான். அப்புறம் நள்ளிரவில் கதவு தட்டப்படுவதெல்லாம் இதன் எதிரொலி. கதவு திறக்கும்போது வெளியே வெறும் தெரு. மந்திரமா, தற்செயலா என்று கதை சொல்வதில்லை; ஓர் உயிருக்கு விலை வைத்தது யார் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

இதற்கு எதிர்முனையில் இருப்பது லவ்கிராப்ட்டின் 'ரெட் ஹுக்கில் பயங்கரம்' (1927). நியூயார்க்கின் புரூக்ளினில் குடியேறிய வேற்றுநாட்டு ஏழைகளே அங்கே பயங்கரம். அவர்களுடைய முகம், மொழி, கூட்டம் எல்லாமே அருவருப்பாக்கப்படுகின்றன. இதைப் படிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. விக்டர் லவால் 2016இல் எழுதிய 'தி பாலட் ஆஃப் பிளாக் டாம்' குறுநாவலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். அதே கதையை ஹார்லெமின் கறுப்பு இளைஞன் ஒருவன் பக்கத்திலிருந்து அவர் திருப்பி எழுதுகிறார். கையிலிருந்த கித்தாரைத் துப்பாக்கி என்று நினைத்ததாகச் சொல்லி அவன் அப்பாவைச் சுட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு கடலடியில் உறங்கும் ராட்சசன் அவனுக்கு அவ்வளவு பயங்கரமாகத் தெரியவில்லை.

நம் பக்கத்தில் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' (1943). பிச்சை கேட்டு வந்தவளை மனைவி இரக்கப்பட்டு வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறாள். நடுங்குவது எழுத்தாளனான கணவன். வந்தவள் பேயா, அல்லது வீட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட ஏழைப்பெண் அவனுக்குப் பேயாகத் தெரிகிறாளா? பிரதி கடைசிவரை வாய் திறப்பதில்லை. இரண்டு வாசிப்புக்கும் இடமிருப்பதால்தான் திரும்பத் திரும்பப் படிக்க முடிகிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் சிறுகதையில் தொடங்குவது நல்லது. பயத்தை 300 பக்கம் இழுத்துப் பிடிப்பது ரொம்பக் கஷ்டம்; ஷெர்லி ஜாக்சனின் 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' (1959) போன்ற ஒருசில நாவல்களுக்கே அது வாய்த்திருக்கிறது. ஒரே உட்காரலில் முடிகிற கதையாக எடுங்கள். முடித்ததும் எதைக் கண்டு பயந்தோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்துத் தெருக்காரனைக் கண்டு பயப்படச் சொல்லிக்கொடுத்த கதையென்றால் அடுத்த முறை அந்த ஆசிரியரை எச்சரிக்கையோடு எடுங்கள். 200 பவுனைக் கண்டு பயந்திருந்தால், அவருடைய மற்ற கதைகளையும் தேடிப் படிக்கலாம்.